வெறும் இலை

என் தொடர்கதைகளுக்கு வரும் கடிதங்களில் பாராட்டு உண்டு, வசவு உண்டு, கதாநாயகனுக்கு உடனே கல்யாணம் செய்து வைக்கும்படி உத்தரவும் உண்டு. ஆனால் சென்ற வருஷம் வந்த ஒரு கடிதத்தைப் போல் முன்னொருபோதும் வந்ததில்லை. எழுதியவர் தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்.

"தங்களுடைய புதிய தொடர்கதை வலைத்தளத்தில் வெளிவருவதாக அறிந்து, என் மகன் உபயோகித்து எனக்குக் கொடுத்த பழைய கைப்பேசியில் திறந்து பார்த்தேன். முதல் அத்தியாயம் வெள்ளையாக இருந்தது. இரண்டாம் அத்தியாயமும் வெள்ளையாக இருந்தது. மூன்றாவதும் அப்படியே. இது ஏதோ புது மாதிரியான இலக்கிய முயற்சி போலும் என்று ஒரு மாதம் பொறுத்திருந்தேன். இனிப் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்."

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். சிறிது நேரம் கழித்துத்தான் சிரிப்பு அடங்கி, வயிற்றில் ஏதோ செய்தது. இந்த மனிதர் முப்பது வருஷமாக என்னைப் படிப்பவர். ஆகையால் ஒரு மாதம் பொறுத்து, தபால் தலை ஒட்டிக் கடிதமும் எழுதினார். கடிதம் எழுதாமல் பக்கத்தை மூடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ?

வலைத்தளத்தை அமைத்துக் கொடுத்தவன் என் அக்காள் மகன். கெட்டிக்காரப் பையன். தீபாவளிக்கு வந்திருந்தவனிடம் கடிதத்தை நீட்டினேன். படித்தான். முகம் சிவந்தது. பேசாமல் மடிக்கணினியைத் திறந்து, "இதைப் பாருங்கள் மாமா. உங்கள் கதைப் பக்கம் சர்வரிலிருந்து புறப்படும்போது இப்படித்தான் இருக்கிறது" என்று காட்டினான்.

ஏறக்குறையப் பத்து வரிகள். மேலே கதையின் தலைப்பு. நடுவில் 'ரூட்' என்று பெயர் சூட்டிய ஒரு காலிப் பெட்டி. அதன் கீழே, ஒரு பெரிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலைக் கொண்டுவரும்படி ஒரு கட்டளை. அவ்வளவுதான்.

"என் கதை எங்கேடா?"

"கதை இனிமேல்தான் வரும் மாமா. இந்த நிரல் முழுவதும் இறங்க வேண்டும். பிரவுசரில் ஓட வேண்டும். அது மறுபடியும் சர்வரிடம் போய்க் கதையைக் கேட்டு வாங்கி வந்து, இந்தக் காலிப் பெட்டிக்குள் எழுதும்."

"நிரல் ஓடாவிட்டால்?"

"வெள்ளைதான்."

பெரியவருடைய கைப்பேசியில் நடந்தது அதுதான். பழைய பிரவுசருக்குப் புதிய ஜாவாஸ்கிரிப்டின் இலக்கணம் புரியாது. நாமென்றால் ஒரு புத்தகத்தில் ஒரு வரி புரியாவிட்டால் தாண்டிப் போய் அடுத்த வரியைப் படிப்போம். யந்திரத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது. ஒரே ஒரு இடத்தில் இலக்கணம் இடறினாலும் அந்தக் கோப்பு முழுவதையும் ஒதுக்கி வைத்துவிடும். அதோடு என் மூன்று அத்தியாயங்களும் போயின.

'சர்வர் சுந்தரம்' படத்தைப் பல முறை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்த சர்வர், சமையலறையில் தயாரான பதார்த்தத்தைக் கையில் ஏந்தி வந்து மேஜையில் வைப்பவர். மருமான் சொன்ன ஏற்பாட்டிலோ சர்வர் முதலில் வெறும் இலையைப் போடுகிறார். பிறகு ஆட்டுக்கல், அடுப்பு, சமையல் புஸ்தகம் எல்லாவற்றையும் மேஜையில் இறக்குகிறார். கடைசியில் அரிசியும் உளுந்தும் வருகின்றன. சாப்பிட வந்தவரே ஆட்டிச் சுட்டுக்கொள்ள வேண்டும். திடகாத்திரமான வாலிபன் அரை நிமிஷத்தில் செய்துவிடுவான். பெரியவருடைய கைப்பேசி பாவம், வயசானது. ஆட்டுக்கல்லைத் தூக்கவே முடியவில்லை.

இத்தனை புத்திசாலிகள் சேர்ந்து இப்படி ஒரு ஹோட்டலை எதற்காக நடத்தினார்கள்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மருமானை நச்சரித்தும், கிடைத்ததைப் படித்தும் ஒரு மாதம் இதன் சரித்திரத்தைத் தேடினேன். சரித்திர நாவல்களுக்காகக் கல்வெட்டுகளைத் தேடிய காலத்தில்கூட இவ்வளவு ருசி தட்டியதில்லை.

ஆதியில் எல்லாம் நேராகத்தான் இருந்திருக்கிறது. 1989-ம் வருஷம் ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், விஞ்ஞானிகள் தங்கள் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். 1990 முடிவதற்குள் முதல் சர்வரும் முதல் பிரவுசரும் அவர் மேஜையில் ஓடின. அந்தப் பக்கங்கள் எழுதி வைத்த காகிதங்களைப் போன்றவை. கேட்டால் அப்படியே எடுத்துக் கொடுப்பார்கள், கணக்கு முடிந்தது.

எழுதி வைத்ததையே கொடுத்தால் போதாது என்ற நிலை விரைவில் வந்தது. 1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த என்.சி.எஸ்.ஏ. என்ற நிலையத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். யாராவது ஒரு பக்கம் கேட்டால் சர்வர் அந்த நிமிஷமே ஒரு நிரலை ஓட்டும். நிரல் எழுதித் தருவதை அனுப்பும். சுடச் சுடச் சமைப்பது இங்கே ஆரம்பமாகிறது. 1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் பி.எச்.பி.யை வெளியிட்டார். கிரீன்லாந்தில் பிறந்தவர் இவர். உத்தியோகத்துக்காக வலையில் போட்டிருந்த தன் விவரக் குறிப்பை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் இவர் அந்தக் கருவிகளை எழுத ஆரம்பித்தாராம். தான் எழுதியதை யார் படிக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் பலவீனம் எனக்கும் உண்டு. ஆகையால் இந்த லெர்டார்ஃப் மீது எனக்குத் தனிப் பிரியம்.

அதே 1995-ல்தான் நம் கதையின் முக்கிய பாத்திரம் பிறந்தது. நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் மே மாதத்தில் பத்தே நாட்களில் ஒரு மொழியைச் செய்து முடித்தார். அதற்கு முதலில் மோச்சா என்று பெயர், பிறகு லைவ்ஸ்கிரிப்ட், டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட். அப்போது ஜாவா என்ற வேறொரு மொழிக்கு மார்க்கெட்டில் இருந்த மவுசைப் பார்த்து வைத்த பெயர் இது. இரண்டுக்கும் உள்ள உறவு, ஒரே இனிஷியல் உள்ள இரு வேறு குடும்பத்தாருக்குள் இருக்கும் உறவு போன்றதுதான். பிறந்தபோது இதற்குக் கொடுத்த வேலையும் பெரிதல்ல. விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைப் பூர்த்தி செய்ய மறந்தால் 'மறந்துவிட்டீர்' என்று அங்கேயே எச்சரிப்பது போன்ற எடுபிடி வேலைகள்.

ஆனால் ஒரு சங்கதி. அடுத்த வருஷமே, 1996-ல், அந்த நெட்ஸ்கேப் கம்பெனி தன் சர்வருக்குள்ளும் இந்த மொழியைப் புகுத்தி 'லைவ்வயர்' என்ற பெயரில் விற்றது. பிரவுசரிலும் சர்வரிலும் ஒரே மொழி என்ற எண்ணம் அவ்வளவு பழையது! அப்போது அது பெரிதாக எடுபடவில்லை. விதை விழுந்துவிட்டது, மழை பெய்யப் பதின்மூன்று வருஷமாயிற்று.

இதற்கிடையில் ஜனங்களுக்கு வேறொரு எரிச்சல் இருந்து வந்தது. அந்நாளில் எதைத் தொட்டாலும் பக்கம் முழுவதும் மறைந்து, திரை ஒரு கணம் வெளுத்து, எல்லாம் முதலிலிருந்து வந்தாக வேண்டும். உப்புப் போதவில்லை என்று சொன்னால் இலையையே எடுத்துவிட்டு மறு இலை போட்டு அத்தனையையும் மறுபடி பரிமாறுவதைப் போல. மைக்ரோஸாப்ட் கம்பெனியின் அவுட்லுக் கடிதப் பிரிவில் இருந்தவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பக்கம் இருக்கிறபடி இருக்க, திரைக்குப் பின்னால் சர்வரிடம் கொஞ்சமே கொஞ்சம் கேட்டு வாங்கும் உபாயம். 1999-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஐந்தாம் பதிப்பில் அது சேர்ந்தது. அதைப் பற்றி வெளியுலகம் அதிகமாகப் பேசவில்லை.

பேச வைத்தது கூகிள். 2004 ஏப்ரல் 1-ந் தேதி ஜிமெயிலை அறிவித்தார்கள். தேதியைப் பார்த்துப் பலர் அதை முட்டாள்கள் தின வேடிக்கை என்றே எண்ணினார்கள். 2005 பிப்ரவரியில் கூகிள் மேப்ஸ் வந்தது. பூகோளப் படத்தை விரல் போன போக்கில் இழுக்கலாம், பக்கம் வெளுக்காது. அந்த மாதமே ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் ஒரு கட்டுரை எழுதி, இந்த முறைக்கு 'ஏஜாக்ஸ்' என்று நாமகரணம் செய்தார். பெயர் வைத்த பிறகுதான் ஒரு பொருளுக்கு வேகம் பிறக்கிறது என்பதை நாவலாசிரியர்கள் அறிவார்கள். எடுபிடியாக இருந்த ஜாவாஸ்கிரிப்ட் காரியஸ்தனாயிற்று. 2008 செப்டம்பரில் கூகிள் தன் குரோம் பிரவுசரை வெளியிட்டது. அதற்குள் இருந்த வி8 என்ற யந்திரம் ஜாவாஸ்கிரிப்டை அதற்கு முன் கண்டிராத வேகத்தில் ஓட்டிற்று. இனிமேல் என்ன? சமையலறை எதற்கு என்று கேட்க ஆரம்பித்தார்கள். விருந்தாளியின் மேஜையிலேயே எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம். சர்வர் அரிசி பருப்பை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும். முதலாளிகளுக்கும் இது பிடித்திருந்தது. அடுப்பெரிக்கும் செலவு விருந்தாளியுடையது அல்லவா?

இந்த மோகம் உச்சத்துக்குப் போன இடம் ட்விட்டர். (அந்தப் பெயர் 2023-ல் எக்ஸ் என்று மாறிப் போயிற்று.) 2010 செப்டம்பரில் தன் தளத்தைப் புதிதாக அமைத்து, பிரவுசரே எல்லாவற்றையும் வரையும்படி செய்தது. அப்போது முகவரிகளின் நடுவே '#!' என்ற இரண்டு குறிகள் வந்து உட்கார்ந்தன. பார்த்தால் சின்னக் குறி. வினையெல்லாம் அதில்தான் இருந்தது. முகவரியில் '#' குறிக்குப் பின்னால் வரும் எதையும் பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. அது ஆதி நாளிலிருந்து உள்ள விதி. ஆகவே ஒருவர் ஒரு குறிப்பிட்ட செய்தியைத் தேடி வந்தாலும், சர்வருக்குத் தெரிவது 'யாரோ வாசலுக்கு வந்திருக்கிறார்' என்பது மட்டுமே. கடிதத்தின் உறையில் ஊர் பெயர் மட்டும் இருந்து, தெருவும் வீட்டு எண்ணும் உறைக்குள் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? சர்வர் அந்த நிலையில் நிரல் முழுவதையும் தூக்கி அனுப்பிவிடும். நிரல் பிரவுசரில் ஓடி, தன் முகவரியைத் தானே படித்து, 'ஓ, நமக்கு வேண்டியது இந்தச் செய்தி' என்று உணர்ந்து, திரும்பவும் சர்வரிடம் போகும். நூற்று நாற்பது எழுத்துச் செய்தி ஒன்றைப் படிக்க இத்தனை நடை!

2011 பிப்ரவரியில் கௌகர் என்ற அமெரிக்க வம்புப் பத்திரிகைக் குழுமம் அதே மாதிரி தன் தளங்களை மாற்றிக்கொண்டது. மாற்றிய சுருக்கில் ஒரு நாள் ஜாவாஸ்கிரிப்ட் பழுதுபட்டது. ஒரு பகுதி பழுதானால் மற்றப் பகுதிகளையாவது படிக்கலாம் என்ற நிலை இல்லை. குழுமத்தின் தளங்கள் அத்தனையும் வெற்றுத் தாளாக நின்றன. என் பெரியவர் அனுபவித்ததை அன்று அமெரிக்கர்கள் மொத்தமாக அனுபவித்தார்கள்.

தேடுவோருக்கு விடை தரும் கூகிளுக்கும் சங்கடம் வந்தது. வலைப்பக்கங்களைப் படித்துவரக் கூகிள் அனுப்பும் நிரல்கள் அக்காலத்தில் ஜாவாஸ்கிரிப்டைச் சரிவர ஓட்டவில்லை. வெறும் இலையைப் பார்த்துவிட்டு 'இங்கே ஒன்றுமில்லை' என்று திரும்பின. 2009-ல் கூகிள் ஒரு சமரசம் முன்வைத்தது. '#!' உள்ள முகவரியை எங்கள் நிரல் வேறு விதமாக மாற்றிக் கேட்கும். அப்போது மட்டும் சமைத்த பக்கத்தைக் கொடுங்கள் என்று. மனிதருக்கு வெறும் இலை, யந்திரத்துக்குத் தலைவாழை விருந்து! இந்த விபரீத ஏற்பாடு ஆறு வருஷம் நடந்தது. 2015 அக்டோபரில் கூகிளே அதைக் கைவிடும்படி சொல்லிவிட்டது.

ட்விட்டர் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. தன் தளத்தைத் திறந்தவர் கண்ணில் முதல் செய்தி படுவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து பார்த்தார்கள். நேரத்தில் பெரும் பகுதியை ஜாவாஸ்கிரிப்டே தின்பது தெரிந்தது. 2012 மே மாதம், பக்கத்தை வரையும் வேலையைச் சர்வருக்கே திருப்பிவிட்டதாகவும், முதல் பக்கம் வரும் நேரம் பழையதில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததாகவும் அறிவித்தார்கள். போன மச்சான் திரும்பி வந்தான் என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு வருஷத்துக்குள், உலகம் பார்த்துக்கொண்டிருக்க, 'நாங்கள் செய்தது சரியில்லை' என்று அளவுகோலை வைத்துக்கொண்டு ஒப்புக்கொள்வது எளிய காரியமா? அச்சில் வந்த அத்தியாயத்தைத் திருத்தும் தைரியம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

ஆனால் சும்மா திரும்பிப் போவதில் ஒரு கஷ்டம் இருந்தது. பிரவுசர் செய்யும் நாசூக்கான வேலைகளுக்கு ஜனங்கள் பழகிவிட்டார்கள். சர்வரும் சமைக்க வேண்டும். மேஜையிலும் கொஞ்சம் சமைக்க வேண்டும். சர்வர் பேசுவதோ பி.எச்.பி., அல்லது ரூபி, அல்லது ஜாவா. பிரவுசர் பேசுவது ஜாவாஸ்கிரிப்ட் மட்டும். ஆகையால் ஒரே பதார்த்தத்துக்கு இரண்டு பாஷையில் இரண்டு சமையல் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. இரண்டு சமையற்காரர்கள் வைத்த சாம்பார் ஒரே மாதிரி இருந்ததாக எந்தக் கல்யாணத்திலாவது கேள்விப்பட்டதுண்டா?

இங்கேதான் 1996-ல் விழுந்த விதை முளைத்தது. 2009 நவம்பரில் பெர்லின் நகரில் நடந்த ஒரு மகாநாட்டில் ரயன் டால் என்ற இளைஞர், குரோமின் வி8 யந்திரத்தைப் பிரவுசரிலிருந்து தனியே எடுத்துச் சர்வரில் ஓடும்படி செய்ததைக் காட்டினார். நோட் என்று பெயர். அவர் எண்ணியது ஒரே நேரத்தில் ஏராளமான இணைப்புகளைத் தாங்கும் சர்வர். ஆனால் அதன் உபயத்தால் இரண்டு சமையற்காரர்களுக்கும் ஒரே பாஷை வந்து சேர்ந்தது. 2013-ல் விடுதி அறைகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி கம்பெனியார், ஒரே நிரல் முதலில் சர்வரிலும் பிறகு பிரவுசரிலும் ஓடும்படி தங்கள் கைப்பேசித் தளத்தை அமைத்து, அந்த முறையைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் அதை அழைத்த பெயர் 'ஐஸோமார்பிக்'. கணித சாஸ்திரத்தில் உருவொற்றுமையைக் குறிக்கும் சொல். வாயில் நுழையாத பெயர் என்று பிறகு சிலர் 'யூனிவர்ஸல்' என்று மாற்றிப் பார்த்தார்கள்.

அதே 2013-ம் வருஷம் மே மாதம் பேஸ்புக் கம்பெனி ரியாக்ட் என்ற கருவியை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதை உருவாக்கியவர் ஜோர்டன் வாக். மகாநாட்டில் பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நிரலும் பக்கத்தின் அமைப்பும் கலந்து கிடப்பது அவர்களுக்கு ஆசாரக் குறைவாகப் பட்டது. ஆனால் ரியாக்டில் ஒரு விசேஷம் இருந்தது. அது நேராகத் திரையில் கை வைப்பதில்லை. பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் மனத்துக்குள் ஒரு சித்திரம் போட்டுக்கொள்கிறது. மனச் சித்திரத்துக்குத் திரை எதற்கு? அதை அப்படியே எழுத்தாக எழுதிச் சர்வரிலிருந்து அனுப்பிவிடலாம். 'ரெண்டர் டு ஸ்ட்ரிங்' என்ற ஒரே கட்டளையில் அது முடிந்தது. எழுத்து பிரவுசரை அடைந்ததும் படிக்கலாம். பிறகு அதே நிரல் சாவகாசமாக வந்து, ஏற்கனவே எழுதியிருப்பதை அழிக்காமல், பொத்தான்களுக்கு உயிர் கொடுக்கும். இந்தப் பின் காரியத்துக்கு 'ஹைட்ரேஷன்' என்று பெயர். அதாவது நீர் வார்ப்பது. வற்றலை வெந்நீரில் போட்டால் உப்பி வருவதைப் பார்த்த எவருக்கும் இந்தப் பெயர் புரியும்.

சரித்திரம் இதுவரை வந்ததும் மருமானைக் கேட்டேன். "இத்தனையும் தெரிந்திருந்தும் என் தளத்தை ஏன் வெறும் இலையாகப் போட்டாய்?"

"சீக்கிரம் முடிந்தது மாமா. என் போனில் நன்றாக ஓடிற்று. எல்லோரிடமும் அப்படிப்பட்ட போன் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்" என்றான். நேர்மையான பதில். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வேலையைச் சித்தமாக முடித்துத் தரும் கருவிகள் இருக்கின்றன; 2016 அக்டோபரில் வெளிவந்த நெக்ஸ்ட் அவற்றில் பிரசித்தமானது. அதை வாங்கி வைத்துவிடேன் என்றேன். முதலில் கையால் செய்து பார்க்கிறேன் என்று சொல்லி லீவை நீட்டித்தான். ஒரு வாரம் என் மாடி அறையில் விளக்கு அணையவில்லை. நோட் சர்வர் ஒன்றை எழுதினான். வாசகர் கேட்கும் முகவரியைப் பார்த்து, அந்த அத்தியாயத்தைச் சேமிப்பிலிருந்து எடுத்து, ரியாக்டிடம் கொடுத்து எழுத்தாக்கி, காலிப் பெட்டிக்குள் வைத்து அனுப்ப வேண்டும். கேட்பதற்குச் சுலபம். முதல் நாளே நிரல் விழுந்தது. பிரவுசரில் 'விண்டோ' என்று ஒரு பொருள் எப்போதும் உண்டு. திரையின் அகலம் முதலியவற்றை அதனிடம் கேட்கலாம். சர்வருக்கு ஜன்னலே கிடையாது. கேட்டதும் 'அப்படி ஒன்று இல்லை' என்று படுத்துவிட்டது. திரையைக் கேட்டுச் செய்யும் காரியங்களையெல்லாம் பொறுக்கியெடுத்து, நீர் வார்த்த பிறகு நடக்கும்படி மாற்றினான்.

மூன்றாம் நாள் வந்த தகராறு வேடிக்கையானது. என் அத்தியாயம் வெள்ளிக்கிழமை பிறக்கும் நள்ளிரவில் வெளிவர வேண்டும். பக்கத்தின் தலையில் கிழமை போட்டிருக்கும். இரவு ஒரு மணிக்குச் சோதித்தால் சர்வர் 'வியாழன்' என்று எழுதி அனுப்புகிறது; பிரவுசர் வந்து 'வெள்ளி' என்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று ரியாக்ட் கூச்சல் போடுகிறது. சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தை வைத்துக்கொண்டிருப்பவை; நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். விடியற்காலை ஐந்தரை வரை அதற்கு வியாழக்கிழமைதான். ரியாக்டின் பழைய பதிப்புகளில் இப்படி ஒரு எழுத்து வேறுபட்டாலும் சர்வர் அனுப்பிய பக்கம் முழுவதையும் தூக்கியெறிந்துவிட்டு முதலிலிருந்து எழுதுமாம். சர்வர், பிரவுசர் இரண்டுமே இந்திய நேரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்த பிறகு சரியாயிற்று.

நாலாம் நாள் நடந்தது வேடிக்கையல்ல. பெயரைப் பதிந்துகொண்ட வாசகர்களை 'வணக்கம்' என்று பெயர் சொல்லி வரவேற்கும் ஏற்பாடு தளத்தில் உண்டு. மருமான் இரண்டு கைப்பேசிகளில், இரண்டு பெயர்களில் நுழைந்து பார்த்தான். ஒன்றின் பெயர் மற்றதில் தெரிந்தது! வெளுத்துப் போய்க் கீழே இறங்கி வந்தான். காரணம் இதுதான்: பிரவுசரில் நிரல் ஓடும்போது அது ஒருவருக்கு மட்டும் சொந்தம், எதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை. சர்வரிலோ ஒரே நிரல் அத்தனை பேருக்கும் சமைக்கிறது. முந்தியவருடைய விவரத்தைப் பொதுவான இடத்தில் வைத்திருந்தால் அடுத்தவர் இலையில் அது விழும். எங்கள் தளத்தில் வெறும் பெயர். ஒரு பாங்கியிலோ வைத்தியசாலையிலோ இந்தப் பிழை நேர்ந்தால்? அன்று இரவே, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித் தனிப் பாத்திரம் என்று மாற்றி எழுதினான். வாசகர் குறிப்புகளைப் பக்கத்தோடு அனுப்பும்போது, அதில் எவராவது விஷமமாக நிரல் வரி எழுதியிருந்தால் அது உயிர் பெற்றுவிடாமல் குறிகளை மாற்றி அனுப்பவும் அப்போதுதான் வழி செய்தான்.

செலவு கூடியதா என்று கேட்பீர்கள். கூடத்தான் வேண்டும், அடுப்பு இப்போது நம்முடையது. ஆனால் வெளிவந்த அத்தியாயம் மாறுவதில்லை. ஆகையால் ஒருமுறை எழுத்தாக்கியதை எடுத்து வைத்து அடுத்தடுத்து வருபவர்களுக்குக் கொடுக்கிறது. பெயர் சொல்லும் மூலை மட்டும் அவரவருக்குத் தனி. சொல்லப் போனால் ஒரு கதையைப் படிக்க ரியாக்டே எதற்கு என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது. மருமானிடம் சொன்னால் அடையாளம் வைப்பது, எழுத்தைப் பெரிதாக்குவது, வாசகர் விவாதம் என்று பட்டியல் போடுகிறான்.

இன்னும் ஒரு குறை மிச்சமிருந்தது. பக்கம் கண்ணுக்குத் தெரிந்த பிறகும், நீர் வார்த்து முடியும் வரை பொத்தான்கள் உயிரற்றே இருக்கும். அவசரக்காரர் குத்துவார், ஒன்றும் நடக்காது. 2022 மார்ச்சில் வந்த ரியாக்டின் பதினெட்டாம் பதிப்பு பக்கத்தைத் துண்டு துண்டாக ஓடவிட்டு, வாசகர் விரல் வைத்த இடத்துக்கு முதலில் உயிர் கொடுக்கிறது. பெரியவருடைய கைப்பேசிக்கு அதுவும் உதவாது. அங்கே நிரல் ஓடப் போவதே இல்லை. ஆகையால் 'அடுத்த அத்தியாயம்' என்ற பொத்தானை எடுத்துவிட்டுச் சாதாரண இணைப்பாக மாற்றினான். பெர்னர்ஸ்-லீ காலத்து இணைப்பு. அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாம்.

பெரியவருக்கு மன்னிப்புக் கேட்டு, தயவுசெய்து மறுபடி திறந்து பார்க்கும்படி எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது.

"எழுத்துக்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஏழு அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் படித்தேன். நாலாம் அத்தியாயத்தில் கல்யாணியின் தகப்பனார் காலமாகி மூன்று வருஷமாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழாம் அத்தியாயத்தில் அவர் ரயிலடிக்கு வந்து அவளை வழியனுப்புகிறார். இதுவும் சர்வரின் பிழைதானா என்று மருமானிடம் கேட்டுச் சொல்லவும்."